மேடு இறங்கட்டும்

ஜனவரி மாதக் கடைசி ஞாயிறு. கல்லறைத் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் தாயும் மகளும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிழங்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். மண்ணைக் கிளறியது மகள் செல்வி. பக்கத்தில் உட்கார்ந்து குறை சொன்னது தாய் லூர்துமேரி.

"மம்பட்டியத் தொடாத. களக்கொத்து போதும். கெழங்கு மேல வெட்டு பட்டுதுன்னா அழுவிப்பூடும்."

"படாதும்மா."

"உங்கப்பாவ குத்தற மாதிரி குத்திக்கினு இருக்க. பாவம் அந்த மனுசன், செத்தும் நிம்மதி இல்ல."

அப்பா சவுரிராயன் அந்த மண்ணுக்கு அடியில்தான் இருந்தார். பதினோரு வருடம் ஆகிறது. கல் இல்லை, சிலுவை இல்லை, பெயர் இல்லை. தலைமாட்டில் வரிசையாக மூன்று மே மாதப் பூக்கிழங்கு மட்டும். வருடத்துக்கு ஒரே முறை, கோடை மழை விழுந்ததும், இலை வருவதற்கு முன்னால் காம்பு வரும். காம்பின் உச்சியில் பந்து மாதிரி சிவப்புப் பூ. அதற்குப் பிறகு இலை. மார்கழியில் இலை பழுத்துக் காய்ந்துவிடும். அன்று மண்ணுக்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை.

தாய்க்கிழங்கை அசைக்காமல், ஒட்டிக்கொண்டிருந்த குட்டிகளில் மூன்றை லூர்துமேரி விரலால் நெம்பிப் பிரித்தாள். பிரித்த இடத்தில் அடுப்புச் சாம்பல் பூசினாள். வெங்காய வலைப்பையில் போட்டு, சிவப்புத் துணிக் கிழிசலால் கட்டினாள்.

"இது குப்பம்மா மவனுக்கு."

குப்பம்மாள் லூர்துமேரியோடு களை எடுத்தவள். ஞானஸ்நானப் பெயர் பிலோமினா. அந்தப் பெயரில் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. அவள் மகன் சேரன் லோடு ஆட்டோ ஓட்டியவன். இருபத்தொன்பது வயது. நவம்பரில் நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டான்.

"நாலு எட்டுல இருக்கு அவன் மேடு. இப்பவே நட்டுட்டு போலாமேம்மா."

"மேடு எறங்கட்டும். புது மேடு இன்னும் எறங்கிக்கினுதான் இருக்கும். இப்ப நட்டா கெழங்கு ஒண்ணு ஆழத்துக்குப் பூடும், இல்லனா வெளிய பல்லக் காட்டும். சித்திரைக்குள்ள நானே வந்து நட்டுக்கறேன்." வலைப்பையை மடியில் செருகிக்கொண்டாள். "வண்டியில மிசினு வச்சினுதான இருக்க? ஒருவாட்டி இந்த மேடு எல்லாத்தையும் அளந்து குடுத்துட்டு போயேன்."

"பேட்டரி கம்மியா இருக்கும்மா. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

பேட்டரி முழுதாக இருந்தது. இன்னொரு பேட்டரியும் பெட்டிக்குள் இருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வல்லம் பக்கம் ஒரு மனைப்பிரிவு அளக்க வேண்டியிருந்தது. செல்விக்குச் சீக்கிரம் வீடு போக வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

லூர்துமேரி முகையூர்ப் பக்கத்துப் பெண். ஒலக்கூரை ஒட்டிய இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தாள். வந்த மறுவாரமே, மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் களை எடுக்கப் போனாள். சவுரிராயன் திண்டிவனத்தில் மூட்டை தூக்கினார். ஒரு செண்டு நிலம் கிடையாது. மகளை டிப்ளமோ படிக்க வைத்தார்கள். அவள் விழுப்புரத்தில் நில அளவையராக ஆனாள். சொந்த நிலமே இல்லாத வீட்டிலிருந்து ஒருத்தி ஊரார் நிலத்தை அளக்கப் போகிறாள் என்று அப்பா சிரித்துக்கொண்டே இருப்பார்.

முதுகு வலி வந்த பிறகு லூர்துமேரி களை வேலையை விட்டுத் திண்டிவனத்தில் ஒரு நாற்றுப் பண்ணைக்குப் போனாள். முதலாளி சாந்திநாதன், செஞ்சிப் பக்கத்து நயினார், தமிழ்ச் சமணர். அவர் வீட்டில் கிழங்கு சமைப்பதில்லை. தொட்டியில் நெருக்கமாகிப் பிரிந்துபோன கிழங்குகளை வேலையாட்கள் குப்பையில் கொட்டினால் அவருக்கு மனசு ஆறாது.

"அதுல உயிரு இருக்கும்மா. வீசாத. எங்கியாவது கொண்டுபோய் நட்டுடு."

"எனக்கு ஏது நயினாரே எடம்? வாசல்ல ஒரு கால வச்சா அடுத்த கால் ரோட்டுல இருக்கு."

"பூமி அவ்ளோ பெருசு, உனக்கா எடம் இல்ல?"

லூர்துமேரிக்கு ஒரு இடம் இருந்தது. கணவனைப் புதைத்த இடம்.

இந்தக் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் கிடையாது. அதை ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். சுவர் தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. கிழக்கே நிலம் உள்ளவர்களின் கல்லறைகள்: சிமெண்டு, கிரானைட், போட்டோ பதித்த சிலுவை. மேற்கே மண்மேடுகள். நாலைந்து மழையில் மேடு கரைந்து தரையாகிவிடும். மரச்சிலுவையைக் கரையான் தின்றுவிடும். அதற்குப் பிறகு அங்கே ஒருவர் படுத்திருக்கிறார் என்பதற்கு எந்த அடையாளமும் இருக்காது. தெரியாமல் அதே இடத்தில் இன்னொருவருக்குக் குழி வெட்டுவார்கள்.

லூர்துமேரி சவுரிராயனுக்கு மூன்று மே மாதப் பூ நட்டாள். மறுவருடம் அவை சிவந்து நின்றதைப் பார்த்து ஒருத்தி வந்தாள். மூன்று வயதில் போன தன் குழந்தைக்கும் ஏதாவது நடச் சொன்னாள். குழந்தைக்கு வெள்ளை மழை லில்லி, வட்டமாக ஏழு. அடுத்து ஒருத்தி. இப்படியே நாற்பத்தொரு மேடு. ஒன்று போல இன்னொன்று இல்லாமல் பார்த்துக்கொண்டாள். நாலு வெள்ளைக்கு நடுவே ஒரு ரோஸ் என்றால் ஒருவர். இரண்டு வரிசை மஞ்சள் என்றால் இன்னொருவர். கால்மாட்டில் ஒற்றைச் சம்பங்கி என்றால் வேறொருவர். இவை எதுவும் எழுதப்படவில்லை. அவள் தலைக்குள் இருந்தது.

சவுரிராயனுக்கு இடப்பக்கம் ஆறடி காலியாக விட்டு, அதிலும் ஒரு சம்பங்கி வைத்திருந்தாள்.

"இது யாருக்கும்மா?"

"எனக்குத்தான். அட்வான்சா துண்டு போட்டு வச்சிக்கினேன். நீங்க பாட்டுக்கு என்ன எங்கியாவது கொண்டுபோய் தள்ளிட்டா?"

கல்லறைத் திருநாள் அன்று பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வருவார். கிழக்கே கல்லைப் பார்த்துப் பெயர் படிப்பார். மேற்கே வந்ததும் நின்றுவிடுவார். லூர்துமேரி பக்கத்தில் நடந்து பெயர் சொல்லுவாள். நவம்பரில் எல்லா மேட்டிலும் இலை செழித்து நிற்கும். பார்த்துப் பார்த்து, தடுமாறாமல், நாற்பத்தொரு பெயரையும் சொல்லுவாள். பங்குக் கமிட்டிச் செயலாளர் அந்தோணிசாமி பின்னாலேயே மைக்கைப் பிடித்துக்கொண்டு வருவார். அவள் சொல்லும் பெயர்கள் அந்த மைக்கில்தான் ஊருக்குக் கேட்கும். பத்து வருடமாக.

இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் லூர்துமேரிக்கு மூச்சு வாங்கியது. செல்வி அவளை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனாள். பதினாறு நாள். இதயம் வீங்கியிருக்கிறது என்றார்கள். பதினேழாவது நாள் காலை காபி கேட்டாள். செல்வி கலந்து கொண்டுவருவதற்குள் போய்விட்டாள்.

உடலை ஊருக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை ஏழு மணிக்குச் செல்வி குழி வெட்டும் ஆட்கள் இரண்டு பேரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். இடம் காட்டுவது அவள் வேலை. வேப்பமரத்திலிருந்து பதினெட்டு எட்டு என்று அம்மா சொல்லியிருந்தாள்.

வேப்பமரம் இல்லை. மேற்குப் பக்கமே இல்லை. தட்டையாக, சீராக, சிவப்பு கிராவல் தூவிய ஒரு தரை இருந்தது. பொக்லைன் சக்கரத் தடம் இன்னும் அழியவில்லை. அந்தத் தடம் கிழக்குப் பக்கம் வந்த இடத்தில் ஒவ்வொரு கல்லறையையும் சுற்றி அழகாக வளைந்து போயிருந்தது. ஒரு கல்லின் முனைகூட உடையவில்லை.

நடுவில் சுண்ணாம்புத் தூளில் இரண்டு நீளக் கோடு. சிமெண்டு ரோடு வருகிறதாம். அமரர் ஊர்தி கிழக்குக் கல்லறைகள் வரைக்கும் நேராக வர வேண்டுமாம்.

அந்தோணிசாமி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆறாம் வகுப்பில் செல்விக்கு அறிவியல் எடுத்தவர்.

"சார், இங்க மேடுங்க இருந்துச்சே."

"மேடுன்னு ஒண்ணும் இல்லம்மா. பிப்ரவரில கமிட்டியே வந்து பாத்தோம். ஒரு எல கெடயாது. காஞ்ச தர. வெறும் எடத்ததான் சமன் பண்ணோம்."

"நவம்பர்ல பூரா பச்சையா இருந்துச்சி. நீங்கதான சார் மைக் புடிச்சினு வந்தீங்க."

"அது நவம்பர்ல."

"அம்மாவ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"ஊர்ல இல்லியே அவங்க. யாரப் போய் கேக்கறது?"

இதே மனிதர்தான் ஆறாம் வகுப்பில் ஒரு வெங்காயத்தை நெடுக்காக அறுத்து, மேசைமேல் வைத்து, நடுக்குருத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டி, "செத்துப்போன மாதிரி இருக்கு பாருங்க, உள்ள ஒரு செடி தூங்குது" என்று பாடம் நடத்தினார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவருக்குத் தன் காலடியில் அது தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. அவருடைய அப்பா கிழக்கே கிரானைட்டுக்குக் கீழே இருக்கிறார்.

"சாவு வீட்ல சண்ட வேணாம்மா. எங்க பொதச்சா இன்னா, மண்ணு ஒண்ணுதான."

மண் ஒன்றுதான் என்றால் கிழக்கே ஒரு குழி வெட்டட்டும். வெட்டுவார்களா? செல்வி கேட்கவில்லை. வீட்டில் அம்மா காத்திருந்தாள்.

வேப்பமரம் நின்ற இடத்தைக் குத்துமதிப்பாக வைத்துப் பதினெட்டு எட்டு நடந்தாள். ஆயிரம் ஏக்கர் மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தவள், சொந்த அப்பனைக் காலால் அளந்தாள். நின்றாள். "இங்க வெட்டுங்க" என்றாள்.

மூன்றரை அடியில் கடப்பாரை பலகையில் இறங்கியது.

மக்கிய பலகை இல்லை, புதுப்பலகை. கடப்பாரையை இழுத்தபோது முனையில் நீலத்துணித் துண்டும் வெள்ளி ஜரிகையும் ஒட்டிக்கொண்டு வந்தன. வெட்டியவர் கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மூடுப்பா," என்றார் அந்தோணிசாமி. "ஜல்தியா மூடு. வெளிய பேச வேணாம். ஒரு சாவுல இன்னொரு சாவ கெளப்பாதீங்க. தள்ளி வெட்டு."

மூடினார்கள். பன்னிரண்டடி மேற்கே வெட்டினார்கள். அங்கே பலகை எதுவும் இடிக்கவில்லை. லூர்துமேரியைப் பதினொரு மணிக்கு அங்கே இறக்கினார்கள். பக்கத்தில் யார் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நாற்பத்தொரு பேருக்கு இடம் பிடித்துக் கொடுத்தவளுக்கு, அவள் துண்டு போட்டு வைத்த இடம் கிடைக்கவில்லை.

செல்வி கமிட்டிக்கு எழுதினாள். பதில் வரவில்லை. நேரில் போனாள். மேற்கே இருப்பவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பளிங்குக் கல் வைத்துவிடலாம் என்றார்கள். என்ன எழுதுவீர்கள் என்று கேட்டாள். "அனைத்து ஆன்மாக்களும்" என்று ஆரம்பித்தார் ஒருவர். கிழக்கே அனைத்து ஆன்மாக்களுக்கும் ஒரே கல் போதுமா என்று கேட்டதற்கு, ரொம்பப் பேஜாரு பண்ணாதம்மா என்றார்கள்.

அம்மா வீட்டைக் காலி செய்தபோது அடுப்புக்கு மேலே ஆணியில் அந்த வலைப்பை தொங்கியது. சிவப்புத் துணிக் கிழிசல். செல்வி அதை வண்டியில் வைத்தாள்.

மே ஒன்பதாம் தேதி கோடை மழை பெய்தது. எட்டு நாள் கழித்து, ஞாயிறு அன்று, செல்வி முக்காலியையும் அளவைக் கருவியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கருவி குறிபார்க்கும் பிரிசக் கோலைப் பிடிக்க ஆள் வேண்டும். குப்பம்மாள் வந்தாள்.

"இத புடிச்சினு சும்மா நின்னா போதுமா?"

"ஆடாம நிக்கணும் சின்னம்மா."

"களக்கொத்து புடிச்ச கை எங்கடி ஆடாம நிக்கும்? இதுக்குப் போயி மூணு வருசம் படிச்சியே."

கிராவலைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தன. பொக்லைன் ஒரு அடிக்கும் குறைவாகத்தான் வழித்திருந்தது. மேலாக இருந்த மழை லில்லிக் கிழங்குகள் பாதிக்கு மேல் வாரிப் போய்விட்டன. கொட்டிய மண் மதிலுக்கு வெளியே குவிந்து கிடந்தது. அந்தக் குவியல் முழுக்க வெள்ளையும் ரோஸும் மஞ்சளும் கலந்து பூத்திருந்தன. யாருடையவை என்று இனி யாரும் சொல்ல முடியாத பூக்கள். ஆனால் வருடக்கணக்காக இருந்த கிழங்கு தன் வேராலேயே தன்னைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். அவை தப்பியிருந்தன. லூர்துமேரி நடும்போதெல்லாம் கூட இருந்த குப்பம்மாள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னாள்.

"நாலு வெள்ள... நடுவுல ரோஸு. இது வெள்ளையம்மா. அதோ அந்த வட்டத்துல ஏழுக்கு அஞ்சிதான் வந்திருக்கு. அது அந்தக் கொழந்த."

செல்வி புள்ளி எண் போட்டாள். இருபத்து மூன்று மேடு கிடைத்தது.

மூன்று சிவப்புப் பந்துகள் வரிசை மாறாமல் நின்றிருந்தன. சுண்ணாம்புக் கோட்டுக்கு நேர் உள்ளே, ரோடு வரும் இடத்தில். செல்வி அங்கிருந்து அம்மாவின் மேட்டுக்கு அளந்தாள். இரண்டு மீட்டர் பதினெட்டு சென்டிமீட்டர். ஏழடி. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவே ஏழடி. ஜனவரியில் அரை மணி நேரம் முக்காலியை நிறுத்தியிருந்தால் அந்த ஏழடி இல்லை. இதை அந்தோணிசாமி கணக்கில் எழுத முடியாது.

அவர் டி.வி.எஸ். ஓட்டிக்கொண்டு வந்தார். பூக்களைப் பார்த்தார்.

"தோண்டி வேற எடத்துல வச்சிக்கோம்மா. நல்ல பூவுதான்."

"பூவ நகத்திடலாம் சார். அப்பாவ?"

"கமிட்டில பேசறேன்."

"பேசுங்க. ரோட்ட பத்தடி வடக்க தள்ளினா யார் மேலயும் ஏறாது. பிளான்ல காட்டித் தர்றேன். ஆயருக்கு ஒரு காப்பி போவுது. தாசில்தாருக்கு ஒண்ணு. உங்களுக்கும் ஒண்ணு. பேரோட."

அவர் வண்டியைத் திருப்பினார். போகும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். எதைப் பார்த்தார் என்று செல்விக்குத் தெரியாது. பூவைப் பார்த்திருந்தால் நல்லது.

வெயில் ஏறியது. குப்பம்மாள் கோலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"எல்லாரையும் எழுதிக்கினியே. எம்புள்ளைய எழுதினியா?"

சேரன் மேட்டில் கிழங்கு இல்லை. மேடு இறங்கட்டும் என்று அம்மா நிறுத்தி வைத்தது. வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று காத்திருந்ததால் அவன் ஒருவனுக்கு மண்ணுக்குள் எந்தச் சாட்சியும் இல்லை. அப்படித்தான் செல்வி அதுவரை நினைத்திருந்தாள்.

அம்மாவின் மேட்டுக்குக் கிழக்கே பன்னிரண்டடியில், கிராவல் தரையில், நீள்சதுரமாக ஒரு பள்ளம். ஒரு சாண் ஆழம். மழைத் தண்ணீர் வற்றி, அடியில் சேறு பிளந்திருந்தது. வெட்டி மூடிய மண் முதல் மழைக்கு இறங்கியிருக்கிறது. பள்ளத்து ஓரத்துச் சேற்றில் ஏதோ மின்னியது. விரல் நீள வெள்ளி ஜரிகை.

நவம்பரில் சேரன் பெட்டிக்கு நீலத்துணி போர்த்தி ஓரம் முழுக்க வெள்ளி ஜரிகை அடித்திருந்தார்கள். செல்வி அன்று வந்திருந்தாள். குப்பம்மாள் அந்த ஜரிகையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். விரல்களைப் பிரித்தவள் லூர்துமேரி.

மார்ச்சில் கடப்பாரை நுனியில் வந்ததும் அதேதான். அன்று பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டாள். பார்த்திருந்தால் அந்தோணிசாமியோடு சேர்ந்து தானும் வாயை மூடியதற்குப் பெயர் வைக்க வேண்டியிருந்திருக்கும். இடம் இதுதான் என்று இப்போது சொன்னால், எப்படித் தெரியும் என்று குப்பம்மாள் கேட்பாள். உன் மகன் பெட்டியில் கடப்பாரை இறங்கியது, வெட்டச் சொன்னது நான் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவனும் வெறும் தரைதான்.

"இன்னாடி, மிசினையே பாத்துக்கினு நிக்கற? பேட்டரி பூட்ச்சா?"

"இல்ல சின்னம்மா. பேட்டரி இருக்கு." செல்வி முக்காலியை விட்டு வந்தாள். "கோல கீழ வையி. இப்டி வந்து உக்காரு."

"எடம் தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சிடுச்சி. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

குப்பம்மாள் கோலைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே மெல்ல உட்கார்ந்தாள்.

வண்டியின் பின் இருக்கையில் வலைப்பை கிடந்தது. சித்திரைக்குள் நட வேண்டியது. இன்று வைகாசி மூன்று. மூன்று கிழங்கிலும் பச்சை முனை வலையைத் தாண்டி வெளியே வந்திருந்தது.